தண்டனை முடிந்தவர் எந்தத் தெருவில் குடியிருப்பது?

சிறைத்தண்டனைக்கு ஒரு கடைசி நாள் உண்டு. பாலியல் குற்றத்துக்காக உள்ளே போனவர் அந்த நாளுக்குப் பிறகு எந்த ஊரில், யார் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பது? இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஊரைவிட்டே அனுப்பிவிடு என்பது ஒன்று. ஊருக்குள் வைத்துக்கொள், ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி அடையாளமிடு என்பது இன்னொன்று. போலீசுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது மூன்றாவது. நாலுபேர் கூட நின்று அவரை நேர்வழியில் வைத்திருக்க முடியும் என்பது அண்மைக்காலத்தில் எழுந்த, அதிகம் பேசப்படாத விடை.

இவற்றில் முதல் விடையை முழுமையாக நடைமுறைப்படுத்தியவை வளைகுடா நாடுகள். ஆகவே துபாயின் சத்வா போன்ற ஒரு பகுதியிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். அங்கே அந்தப் பிரச்சினை இருப்பதாகவே தெரியாது. தெரியாமல் இருப்பதற்கான காரணங்கள்தான் ஆராயத்தக்கவை.

கேன்சல் ஆகிப் போனவர்கள்

ஷேக் சையத் சாலைக் கோபுரங்களுக்குப் பின்புறம், ஜுமைராவுக்கு முன்பாக, தாழ்ந்த வீடுகளும் தையல் கடைகளும் பேருந்து நிலையமுமாக இருக்கும் பழைய குடியிருப்பு சத்வா. 2008-இல் ஜுமைரா கார்டன் சிட்டி என்ற பெருந்திட்டத்துக்காக இங்கே பல வீடுகள் இடிக்கப்பட்டன. அடுத்து வந்த பொருளாதாரச் சரிவில் திட்டம் படுத்துவிட்டது. இதுபோன்ற பழைய பகுதிகளின் வில்லாக்களில் பிலிப்பினோக்களும் பாகிஸ்தானியரும் மலையாளிகளும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது சாதாரணம். கூடத்தை பிளைவுட் வைத்துத் தடுத்தால் அது ‘பார்ட்டிஷன் ரூம்’. தடுப்புக்கு இந்தப் பக்கம் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இரண்டடுக்குக் கட்டில்களில் நான்கு பேச்சிலர்கள், எல்லோருக்கும் ஒரே சமையலறை, ஒரே குளியலறை. பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் ஊரில் யார், என்ன செய்தவர் என்பது ‘பெட் ஸ்பேஸ்’ விளம்பரத்தில் இருக்காது. வாடகை, நாடு, சில சமயம் மாநிலம், அவ்வளவுதான்.

இவ்வளவு நெருக்கத்தில் வாழும் இடத்தில் ‘தண்டனை பெற்ற பாலியல் குற்றவாளி பக்கத்து வீட்டில்’ என்ற செய்தி ஏன் வருவதில்லை? வெளிநாட்டவர் பாலியல் தாக்குதல் வழக்கில் சிறைத்தண்டனை பெற்றால் அவரை நாடுகடத்தியே ஆகவேண்டும் என்று அமீரகத்தின் குற்றவியல் சட்டம் சொல்கிறது. மற்ற குற்றங்களில் பெரும்பாலும் நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்படுவது இங்கே கட்டாயமாகிறது. மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினர் வெளிநாட்டவராக உள்ள நாட்டில் இதன் விளைவு எளிமையானது: சிறைக்கு அடுத்த நிறுத்தம் விமான நிலையம். திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக, நாடுகடத்தப்பட்டவர்களின் கருவிழியைப் பதிவுசெய்து நுழைவாயில்களில் ஒப்பிடும் முறையை 2000-களின் தொடக்கத்திலேயே அமீரகம் கொண்டுவந்தது. தெருவுக்குத் தெரியாத, எல்லைக்கு மட்டும் தெரிந்த பட்டியல் அது.

அக்கம்பக்கத்தார் தாங்களாகவே எச்சரிக்கை விடவும் வழியில்லை. உள்ளூர்ப் பத்திரிகைகள் இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் முதலெழுத்தையோ, வயதையும் நாட்டையும் மட்டுமோ தருகின்றன. ஒருவரின் படத்தைப் போட்டு ‘இவனிடம் கவனம்’ என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுக்கு விடுபவர், இணையக் குற்றச் சட்டத்தின்கீழ் அவதூறுக்கும் அந்தரங்க மீறலுக்கும் தாமே பதில் சொல்ல நேரலாம்.

அச்சம் இதனால் இல்லாமல் போய்விடவில்லை. வேறு ஆட்கள்மேல் இறங்கியிருக்கிறது. தனிமனிதர் கண்ணுக்குத் தெரியாதபோது ஒரு வகையினர் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகிறார்கள். வளைகுடாவில் அந்த வகையினர் பேச்சிலர்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவரும் அங்கே பேச்சிலர்தான். 2008-ஐ ஒட்டி துபாய் மாநகராட்சி ‘ஒரு வில்லா, ஒரு குடும்பம்’ என்று இயக்கம் நடத்தி, பகிர்ந்து வாழ்ந்தவர்களைக் குடும்பக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றியது. கத்தாரில் 2010-ஆம் ஆண்டின் 15-ஆம் எண் சட்டம் தொழிலாளர் கூட்டமாகத் தங்குவதைக் குடும்பப் பகுதிகளில் தடைசெய்தது. தீ விபத்து, நெரிசல், சுகாதாரம் என்ற நியாயமான காரணங்கள் இவற்றுக்கு உண்டு. ஆனால் பொதுப்பேச்சில் முதலில் வருவது பெரும்பாலும் ‘பெண்கள், குழந்தைகளின் பாதுகாப்பு’தான். எந்தக் குற்றமும் செய்யாத லட்சக்கணக்கானவர்கள், மேற்கு நாடுகளில் தண்டனை பெற்றவர்களுக்கு விதிக்கப்படுவதைப் போன்ற குடியிருப்புத் தடையைச் சுமக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்னொரு குறையும் உண்டு. அனுப்பப்பட்டவர் ஆவியாகிவிடுவதில்லை, ராமநாதபுரத்திலோ கடலூரிலோ மட்டக்களப்பிலோ இறங்குகிறார். வளைகுடாவிலிருந்து எதிர்பாராமல் திரும்பியவரைப் பற்றி ஊரில் ‘கேன்சல் ஆகி வந்துட்டாரு’ என்பார்கள். கம்பெனி மூடியவர், சிறுநீரகம் கெட்டவர், சிறையிலிருந்து வந்தவர் எல்லோருக்கும் அந்த ஒரு சொல்லே போர்வை. எதிர்த்திசையிலும் இதே இருட்டுதான். வேலை விசாவுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் (‘பிசிசி’ என்றால்தான் ஏஜென்ட்டுகளுக்குப் புரியும்) வேண்டும் என்று பிப்ரவரி 2018-இல் அமீரகம் விதித்தது. இந்தியா உள்ளிட்ட சில நாட்டவருக்கு அந்த விதி அதே ஏப்ரலில் நிறுத்திவைக்கப்பட்டது.

கழுதையேற்றமும் ரேகைச் சட்டமும்

நாடுகடத்துவது ஊர்விலக்கின் பெரிய வடிவம் என்று நினைக்கத் தோன்றும். நமது பழைய சான்றுகளைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேரானதாக இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. அவற்றின் தகுதியிழப்புப் பட்டியலை யாரும் அவ்வளவாகப் படிப்பதில்லை. தகாத உறவு கொண்டவர்கள், பிராயச்சித்தம் செய்து தூய்மையானவர்கள் ஆனாலும், அவர்களின் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது. கழுதை ஏற்றப்பட்டவர்கள் பெயரையும் எழுதக்கூடாது. ஆக, குற்றம் செய்தவர் ஊரிலேயே இருந்தார். பரிகாரம் ஏற்கப்பட்டது. பொறுப்பு மட்டும் மறுக்கப்பட்டது. அன்று குற்றமாகக் கருதப்பட்டது குலமுறை மீறலே தவிர, பாதிக்கப்பட்டவரின் துன்பம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இன்றைய சட்டத்துக்கு இதை முன்னோடியாக்குவது பெருமைக்காகச் செய்யும் பிழை.

பெயரைப் பதிவேட்டில் ஏற்றி நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கத்து மக்கள் ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகி, ஊர்விட்டு ஊர்போகச் சீட்டு வாங்கவேண்டியிருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். பிறப்பை வைத்துப் பதிவதும், நீதிமன்றத் தீர்ப்பை வைத்துப் பதிவதும் ஒன்றல்ல. ஆனாலும் பதிவேடு என்றதும் ‘யார் பெயர் முதலில் ஏறும்?’ என்று கேட்பவர்களின் தயக்கத்துக்கு இந்த மண்ணில் காரணம் உண்டு.

பட்டியலை எல்லோருக்கும் திறந்தபோது

அமெரிக்காவின் கதை பரவலாக அறியப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால் போதும். 1994 ஜூலையில் நியூ ஜெர்சியில் மேகன் காங்கா என்ற ஏழு வயதுச் சிறுமி, எதிர்வீட்டில் குடியிருந்தவரால் கொல்லப்பட்டாள். அவர் ஏற்கனவே குழந்தைகள்மீதான குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ‘தெரிந்திருந்தால்’ என்ற ஒரு சொல்லிலிருந்து சட்டம் பிறந்தது. சில மாதங்களில் மாநிலச் சட்டம், 1996-இல் மத்திய சட்டம். இன்று யாரும் தன் தெருவில் யார் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதன் பலனை அளந்தவர்களில் பிரெஸ்காட், ராக்காஃப் இருவரின் 2011 ஆய்வு கவனிக்க வேண்டியது. 15 மாநிலங்களின் தரவுகளை அவர்கள் பார்த்தார்கள். போலீசிடம் பதிவுசெய்வது, குறிப்பாகத் தெரிந்தவர்கள்மீது நடக்கும் மறுகுற்றங்களைக் குறைப்பதாகத் தெரிந்தது. பதிவைப் பொதுமக்களுக்கு அறிவிப்பது, புதிதாகக் குற்றம் செய்ய இருப்பவரைத் தடுக்கக்கூடும். ஏற்கனவே பட்டியலில் இருப்பவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பையோ அது கூட்டிவிடுகிறது என்பதற்கு அறிகுறிகள் இருந்தன. வேலையும் வீடும் உறவும் அற்றவருக்கு இழக்க எதுவும் மிச்சமில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். வட கரோலினாவின் ஒரு மாவட்டத்தை ஆராய்ந்து 2008-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, அப்படிப்பட்டவர் குடிவந்தால் பத்தில் ஒரு மைலுக்குள் இருக்கும் வீடுகளின் விலை சுமார் 4% இறங்குவதாகக் கண்டது. அண்டைவீட்டாரின் கோபத்தில் குழந்தைப் பாசமும் வீட்டுக்கடனும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

மியாமியில் பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக்கூடாது என்று விதித்தபோது நகரில் மிஞ்சிய இடம் கொஞ்சமே. ஜூலியா டட்டில் பாலத்தின் அடியில் கூடாரம் போட்டுக் குடியேறினார்கள். 2010-இல் கலைக்கப்படும்வரை அது ஒரு குடியிருப்பாகவே இருந்தது. பிரிட்டனில் 2000 ஆகஸ்டில், ஒரு ஞாயிறு இதழ் பெயர்களையும் படங்களையும் வெளியிடத் தொடங்கியதும் போர்ட்ஸ்மத்தின் பால்ஸ்குரோவ் குடியிருப்பில் கூட்டங்கள் வீடு வீடாகப் போயின. தவறுதலாக அடையாளம் காணப்பட்டவர்களும் வீட்டைக் காலி செய்தார்கள். பின்னர் பிரிட்டன் நடுவழி ஒன்றைத் தேர்ந்தது: பெற்றோர் ஒருவர், தன் குழந்தையோடு பழகும் குறிப்பிட்ட நபரைப் பற்றிப் போலீசிடம் கேட்கலாம், தேவையென்றால் போலீஸ் அவருக்கு மட்டும் சொல்லும். 2008-இல் சோதனை முறையில் தொடங்கி, பிறகு இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் விரிவானது இது. ஊருக்கே அறிவிப்பதைவிடக் கேட்பவருக்குச் சொல்வது குறைந்த சேதம் தருவதாகத் தோன்றுகிறது. ஆனால் சந்தேகம் வந்தவர்தான் கேட்பார். சந்தேகம் வராதபடி பழகுவதில்தான் இந்தக் குற்றவாளிகள் கைதேர்ந்தவர்கள்.

ஊர் யார் பக்கம்

மேற்சொன்ன வாதங்கள் எல்லாமே ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றன: ஊர் என்றால் அது குற்றவாளிக்கு எதிராகத்தான் நிற்கும் என்பதை. தெற்காசிய அனுபவம் இந்த அனுமானத்தை உடைக்கிறது. ஆய்வுகள் மிகக் குறைவாகத் தொட்ட இடமும் இதுதான்.

2002 குஜராத் கலவரத்தில் பில்கிஸ் பானுவைக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கி, அவர் குடும்பத்தினரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்ற 11 பேர், 2022 ஆகஸ்ட் 15 அன்று கோத்ராச் சிறையிலிருந்து முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். வெளியே அவர்களுக்கு மாலையும் இனிப்பும் காத்திருந்தன. சொந்த ஊரான ரந்திக்பூருக்கு அவர்கள் திரும்பியதும், அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல, தேவ்கட் பாரியாவின் நிவாரணக் குடியிருப்புக்கு இடம்பெயர்ந்தன. தண்டனை பெற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். அஞ்சியவர்கள் வீட்டை விட்டார்கள். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்துசெய்த பிறகே அவர்கள் மீண்டும் சிறைக்குப் போனார்கள். ரந்திக்பூரில் ஊர் என்பது ஒன்றல்ல, இரண்டு. எந்த ஊருக்குப் பலம் அதிகமோ அதன் எதிர்வினையே ‘ஊரின் எதிர்வினை’ ஆனது.

நமக்கு அருகிலும் சான்று உண்டு. மாத்தளையில் பிறந்து, இலங்கையிலிருந்து வந்து விராலிமலைக்கு அருகே ஆசிரமம் அமைத்த பிரேமானந்தா, ஆசிரமச் சிறுமிகள்மீதான பாலியல் வன்முறைக்கும் ஒரு கொலைக்கும் 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றத்தால் ஆயுள் தண்டனை பெற்றார். 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2011-இல் அவர் இறக்கும்வரையிலும் அதன் பின்பும் பக்தர்கள் கலையவில்லை, ஆசிரமமும் மூடப்படவில்லை. பாதிக்கப்பட்ட சிறுமிகளில் பலருக்குத் திரும்பிப்போக வீடு இல்லை.

கொரியாவின் ஆன்சான் நகரம் இதற்கு மறுமுனை. 2008-இல் எட்டு வயதுச் சிறுமியைச் சிதைத்தவர், 12 ஆண்டுத் தண்டனை முடிந்து 2020 டிசம்பரில் அதே நகரத்துக்கே வந்தார். ஊர் கொதித்தது. அவர் வந்த வண்டியை மறித்தார்கள், அடித்தார்கள், முட்டை எறிந்தார்கள். தெருவெங்கும் கேமரா வைக்கப்பட்டது. அவ்வளவு கோபத்துக்கும் நடுவில் அந்தச் சிறுமியின் குடும்பம்தான் ஆன்சானைவிட்டு வேறு ஊருக்குப் போனது. ரந்திக்பூரில் வரவேற்பு, ஆன்சானில் எதிர்ப்பு. இரண்டு இடத்திலும் பெட்டி கட்டியவர்கள் பாதிக்கப்பட்டவர்களே.

கோபம் சட்டத்தை முந்திக்கொள்ளும்போது என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே போதும். 2018 ஜூலையில், ஒரு சிறுமிமீதான பாலியல் வன்முறை தொடர்பான அயனாவரம் அடுக்குமாடி வழக்கில் கைதான 17 பேரை நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கறிஞர்கள் அடித்தார்கள். அவர்களுக்காக யாரும் வாதாட மாட்டோம் என்றும் வழக்கறிஞர் சங்கம் அறிவித்தது. 2020 பிப்ரவரியில் 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஒருவர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட்டார். மற்றொருவர் விடுவிக்கப்பட்டார், அடி வாங்கியவர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம். 2017-இல் முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், அதே குடியிருப்பைச் சேர்ந்த இளைஞருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஊர் தீர்ப்பெழுதி முடித்த எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது.

பூட்டிய பட்டியல்

இந்தியா மூன்றாவது விடையைத் தேர்ந்துகொண்டது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தில் தொடக்கத்திலேயே சுமார் 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. காவல் துறையினர் மட்டுமே பார்க்கலாம். இந்தப் பூட்டுக்கு வலுவான ஒரு நியாயம் உண்டு. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடைசெய்கிறது. குற்றவாளி தந்தையாகவோ மாமாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கும்போது, அவர் பெயரை வெளியிட்டாலே குழந்தை யார் என்பது தெருவுக்குத் தெரிந்துவிடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில், பாலியல் வன்முறை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தெரிந்தவர்களே குற்றம் சாட்டப்பட்டவர்கள். அந்நியரைத் தேடும் பட்டியல் இந்த இடத்தில் என்ன செய்யும்?

பூட்டிய பட்டியலின் பலவீனம் எங்கே என்றால், அதை வைத்திருப்பவர் பயன்படுத்தினால்தான் அது பட்டியல். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவியைத் தாக்கியவர்மீது ஏற்கனவே வழக்குகள் இருந்தன. அதோடு, உள்நாட்டுக் காவல் பதிவுகளைக் கொண்டு கட்டிய தரவுத்தளத்தில், துபாய் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று ‘கேன்சல்’ ஆகி வந்தவர் தானாக இடம்பெற வழியிருப்பதாகத் தோன்றவில்லை. அங்கே கருவிழிவரை பதிவு. இங்கே வெறும் பயணி.

கூட நிற்பவர்கள்

நான்காவது விடை கனடாவின் ஹாமில்டன் நகரில் 1994-இல் தற்செயலாகத் தொடங்கியது. குழந்தைகள்மீதான குற்றங்களுக்காக நெடுங்காலம் சிறையிலிருந்து திரும்பிய ஒருவருக்கு எதிராக ஊர் திரண்டபோது, ஒரு மென்னனைட் போதகரும் சபையினர் சிலரும் தினமும் அவரோடு தொடர்பில் இருக்க முன்வந்தார்கள். கடைக்குப் போனால் ஒருவர் கூடப் போவார். பொய் சொன்னால் கண்டிப்பார். சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்வார். ‘ஆதரவும் பொறுப்பும் கொண்ட வட்டங்கள்’ என்று பின்னர் பெயர்பெற்ற இந்த முறையை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். மீண்டும் பாலியல் குற்றத்துக்காகக் கைதாவது பெருமளவு குறைந்தது. பங்கேற்றவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் அளவுகடந்த நம்பிக்கை வேண்டாம். தன்னார்வலர்கள் கிடைக்கும் சமூகத்தில்தான் இது நடக்கும் என்பதும் வெளிப்படை. பேச்சிலர்கள் நிறைந்த சத்வா வில்லாவில் அந்த வட்டத்தில் யார் உட்காருவார்?

ஹான்சனும் புசியேரும் 61 ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட முடிவில், நான்கைந்து ஆண்டுகளில் மீண்டும் பாலியல் குற்றம் செய்ததாகப் பதிவானவர்கள் சுமார் 13 விழுக்காடு. பொதுவாக நம்பப்படுவதைவிட மிகக் குறைவு. ஆனால் அது பதிவான கணக்கு. புகாரே ஆகாத குற்றங்கள் குவிந்துகிடக்கும் ஒரு துறையில் இந்த எண்ணை ஆறுதலாக எடுத்துக்கொள்பவரும் அவசரப்படுகிறார்.

எங்கிருந்து அளப்பது

பள்ளியிலிருந்து இத்தனை அடி, நாட்டெல்லையிலிருந்து இத்தனை மைல் என்று தூரத்தை அளந்த விடைகள் எல்லாம் தெருவின் நிம்மதியை மையமாக வைத்தவை. வேறொரு அளவுகோல் அமீரகச் சட்டத்திலேயே இருக்கிறது. தந்தையின் கொடுமையால் 2012-இல் துபாயில் இறந்த எட்டு வயதுச் சிறுமியின் பெயரால் வதீமா சட்டம் என்று அழைக்கப்படும் 2016-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம், குழந்தைமீதான பாலியல் குற்றத்துக்குத் தண்டனை முடித்தவர், பாதிக்கப்பட்ட குழந்தை வாழும் பகுதியில் குடியிருப்பதைத் தடுக்கிறது. விடுதலைக்கு முன் மருத்துவ, உளவியல் பரிசோதனையையும் கேட்கிறது. இங்கே தூரம் தெருவிலிருந்து அளக்கப்படவில்லை, குழந்தையிடமிருந்து அளக்கப்படுகிறது. வெளிநாட்டவர் எப்படியும் நாடுகடத்தப்படுவதால், இந்தப் பிரிவு பெரும்பாலும் குடிமக்களுக்கே பொருந்தும் என்பதுதான் விசித்திரம். எந்த ஊர்களுக்கு இது மிகத் தேவையோ, அந்த ஊர்களின் சட்டத்தில் இது இல்லை.

தமிழ்நாட்டில் ஒட்டுமொத்த வெற்றிடம் என்று சொல்லிவிடவும் முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவு, அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் 394-ஆம் பிரிவு, மறுமுறை தண்டிக்கப்பட்டவர் விடுதலைக்குப் பின் 5 ஆண்டுவரை தன் முகவரியைத் தெரிவிக்கவேண்டும் என்று ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பலருக்கு நினைவிலேயே இல்லாத பிரிவு. 2025 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், பாதிக்கப்பட்ட பெண்ணைத் தொடர்புகொள்ளாதபடி பாதுகாப்பு ஆணை பிறப்பிக்க வழிசெய்தது. முன்னது குற்றவாளியின் முகவரியைப் பற்றியது, பின்னது பாதிக்கப்பட்டவரின் அமைதியைப் பற்றியது. தண்டனையை முழுமையாகக் கழித்துவிட்டு, ஒருவர், பாதிக்கப்பட்ட குழந்தை இருக்கும் அதே அடுக்குமாடிக்கு, தன் சொந்த வீட்டுக்கே திரும்பும்போது இரண்டையும் எப்படிப் பொருத்துவது, சொத்துரிமைக்கும் குழந்தையின் நிம்மதிக்கும் நடுவே யார் கோடு கிழிப்பது, நாடுகடத்தும் அரசு பெறும் அரசுக்கு எவ்வளவு சொல்லவேண்டும் என்பவை விவாதமே தொடங்காத கேள்விகள்.